தைப்பிங்கிலிருந்து வண்டி அனுப்பிய பெண்

சமையல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம் சாம்பார் பொடியைப் பற்றிக் கேட்பதில்லை. போன் பார்க்க ஓர் ஆள் வைக்கலாமா, வீட்டுக்கு வராமலே எங்கிருந்தோ வேலை செய்வார்களாமே, நம்பலாமா என்றுதான் கேட்கிறார்கள். நேரில் கேட்டால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் சைவச் சமையல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கருமக்கிரியை எல்லாவற்றுக்கும் செய்வேன். எங்கள் தொழிலில் வீடு இரண்டு வகைதான். நல்லது நடந்தால் விசேஷ வீடு. சாவு விழுந்து பதினாறாம் நாள் கும்பிடுகிற வீடு காரிய வீடு. இரண்டு வீட்டுக்கும் சோறு வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடுப்படிதான்.

அடுப்புக்கு நான் பயப்பட்டதில்லை. போனுக்குப் பயந்தேன். எதிரில் பேசுகிறவர் வேகமாகப் பேசினால் எனக்குப் பதில் வராது. அவர் வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் நினைவுக்கு வரும். வாட்ஸ்அப் வந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பார்கள். பதில் போகாது. அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாதான் வழி சொன்னார். அவர் கடைக்கு வருகிற கேள்விக்கெல்லாம் பதில் போடுவது பினாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணாம். வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பெயராம். "முகத்தையே நான் பார்த்ததில்லக்கா. சம்பளம் மட்டும் பேங்க்ல போட்டுருவேன்" என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. முகம் பார்க்காமல் வேலை வாங்கலாம் என்றால் அது என்னைப் போன்ற ஆளுக்குத்தான் சரி.

அந்த அம்மாவே மூன்று பிள்ளைகளின் நம்பர் கொடுத்தார். முதல் பெண் நன்றாகப் பேசியது. நான் யோசிக்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் அதுவே பேசி நிரப்பியது. இரண்டாவது பையன் என் கடைக்கு என்னென்ன தேவை என்று அவனே எனக்குச் சொன்னான். மூன்றாவது பவித்ரா. தைப்பிங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள். வெளியே வேலைக்குப் போக முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பேசாமல் காத்திருந்தாள். போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து ஹலோ என்றேன். "இருக்கேன் ஆன்டி, நீங்க சொல்லுங்க" என்றாள். அவளையே வைத்துக்கொண்டேன். ஆள் எடுக்கும்போது அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பீர்கள். நீங்கள் பேசாதபோது அவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரிடமும் அதையேதான் செய்யப்போகிறார்.

வேலை நன்றாகத்தான் போனது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் செந்தூலிலிருந்தும்கூட ஆர்டர் வந்தது. என்ன சமையல், எத்தனை பேர், எந்தத் தேதி என்பதெல்லாம் அவள் கேட்டு எனக்குத் தமிழில் குரல் பதிவாக அனுப்புவாள். ஒருமுறை ஒரு காரிய வீட்டுக்குப் பூ படம் போட்டு, மீண்டும் எங்களை நாடுங்கள் என்று பதில் எழுதி வைத்திருந்தாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் வாசித்துக் காட்டியதால் தப்பித்தோம். காரிய வீட்டுக்குப் பூ போடாதே, நன்றி சொல்லாதே, திரும்பி வாங்க என்று சொல்லவே சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தேன். அவளும் குறித்துக்கொண்டாள். அதோடு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்து வண்டி ஏற்பாட்டையும் அவளிடமே விட்டேன்.

வண்டி விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. ஒரே நாளில் காரிய வீடும் விசேஷ வீடும் வந்தால் சொந்த வேன் காரிய வீட்டுக்குப் போகும். விசேஷ வீட்டுக்கு வாடகை வண்டி எடுப்போம். பாத்திரமும் தனித்தனி. எங்கள் டிரைவர் காரிய வீட்டில் இறக்கிவிட்டு வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் மறுபடி வண்டியைத் தொடுவார். வேனையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் யாருக்கும் சொன்னதில்லை. சோறு வடிக்கக் கற்றுக்கொண்ட மாதிரி எங்களுக்கு அதுவும் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பண்டமாரானில் ஒரு கருமக்கிரியை, ஷா ஆலாமில் ஒரு வளைகாப்பு. இரண்டும் மத்தியானச் சாப்பாடு. காரிய வீட்டில் சீக்கிரமே படைப்பார்கள் என்பதால் அந்தச் சாப்பாடு முதலில் போய்விட்டது. நான் குளித்துவிட்டு வந்து வளைகாப்புச் சமையலை முடித்தேன். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் மூடி வைத்துவிட்டு வாடகை வண்டிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சரி, வழியில் நெரிசல் போல என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எங்கள் சொந்த வேன் தெரு முனையில் வந்து நிற்கிறது. டிரைவர் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, பவித்ரா பாப்பா என்னை இங்க சாப்பாட்டை ஏத்திக்கிட்டு நேரா ஷா ஆலாம் போகச் சொல்லுது. என்னக்கா கூத்து இது? நான் இன்னும் குளிக்கக்கூட இல்ல."

பவித்ராவைக் கூப்பிட்டேன். அவள் சந்தோஷமாகத்தான் பேசினாள். வாடகை வண்டியை ரத்து செய்துவிட்டாளாம். நம் வேன் காலியாகத்தானே திரும்பி வருகிறது, அதுவே போனால் போதும், வீண் செலவு எதற்கு என்று யோசித்தாளாம். வளைகாப்பு வீட்டார் காலையிலிருந்து சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர்கள் கவலைப்படக் கூடாது என்று வேன் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டுகிற அந்த இணைப்பையும் அனுப்பிவிட்டாளாம். கூடவே என்ன எழுதினாய் என்று கேட்டேன். வாசித்தாள்.

"உங்கள் உணவு வண்டி பண்டமாரானில் கருமக்கிரியை வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. அடுத்து உங்கள் வீட்டுக்கு வருகிறது."

அங்கிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் பேசவில்லை என்றதும் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"மாசமா இருக்கறவங்க சாவு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு தெரியும் ஆன்டி. வண்டிக்குமா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளைகளே, வண்டிக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த வளைகாப்புப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஆர்டர் கொடுத்தது அவளுடைய நாத்தனார், தேவி என்று பெயர். அந்தச் செய்தியும் தேவியின் போனுக்குத்தான் போயிருந்தது. கொடுக்கும்போது பவித்ராவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அண்ணிக்குப் போன தடவை ஆறாம் மாதத்தில் கலைந்துவிட்டது, இந்தத் தடவை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம் என்று. அந்தக் குரல் பதிவை நானும் கேட்டிருந்தேன். அப்படிப்பட்ட பெண் பலகையில் வளையலோடு உட்கார்ந்திருக்கும்போது, சாவு வீட்டிலிருந்து கிளம்பிய வண்டி உனக்குத்தான் வருகிறது என்று யாராவது காட்டினால் என்ன ஆகும்? மீதி மாதம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இருக்காது. ராத்திரி வயிறு அசையவில்லை என்றால் அந்த வேன்தான் அவள் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

"ரெண்டு ப்ளூ டிக் வந்துடுச்சு ஆன்டி. படிச்சிட்டாங்க. பதில் இல்ல" என்றாள் பவித்ரா. பிறகு, "வேற கஸ்டமருக்குப் போக வேண்டிய மெசேஜ் மாறி வந்துடுச்சுன்னு சொல்லிடட்டுமா? நம்புவாங்க" என்றாள்.

நம்பியிருப்பார்கள். யாருக்கும் நஷ்டமும் இல்லை. எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் தொழிலை நினைத்துப் பாருங்கள். இலையில் விழுவதை மட்டும்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் நடக்கிற எல்லாவற்றையும் நம் வாய்ச்சொல்லை வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அந்த வாயால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதே கையால் அந்தப் பெண்ணுக்குப் பொங்கல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஒன்றும் எழுதாதே, நான் போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

போவது எதில்? அந்த நேரத்தில் வாடகை வண்டி கிடைக்காது. பக்கத்துக் கடை சீன முதலாளி, தவ்கே என்று கூப்பிடுவோம், தோஃபு வியாபாரம் செய்கிறவர். காலைச் சந்தை முடிந்து அப்போதுதான் தன் சின்ன லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் ஏற்றாத வண்டி. இத்தனை வருடத்தில் அவரிடம் நான் தலையாட்டுவதோடு சரி, பேசியதில்லை. போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில், ஒரே வேன், அங்கே இறந்தவர் வீடு, இங்கே பிள்ளைத்தாய்ச்சி வீடு என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கவே இல்லை. அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்.

"மானா போலே, ஆன்டி" என்றார். அது எப்படி முடியும் என்று அர்த்தம். தங்கள் வீட்டிலும் மருமகள் மாசமாக இருந்தபோது தாத்தா சாவுக்கே அவளைக் கூட்டிப் போகவில்லையாம். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவரே பாத்திரங்களை ஏற்றினார். கிளம்பும்போது வண்டிக்குள்ளிருந்து சீனப் பெருநாளுக்குக் கொடுக்கும் சிவப்பு உறை ஒன்றை எடுத்து முன் கண்ணாடியில் செருகினார். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்று தெரியட்டுமாம்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போகும் வழியில் தேவிக்குப் போன் செய்யலாமா என்று கையில் எடுத்து எடுத்து வைத்தேன். செய்யவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொன்று, போனில் நான் என்ன சொன்னாலும் அது அந்தச் செய்திக்குக் கீழே இன்னொரு செய்தியாகத்தான் கிடக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் ஆள் போய் நிற்க வேண்டும். பேசத் தெரியாத ஆளாக இருந்தாலும் போய் நிற்க வேண்டும்.

வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தேவி மட்டும் கூடாரத்துக்கு வெளியே, தெரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், கையில் போன். அதை வைத்தே அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். லோரியைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நான் இறங்கிப் போய் நான்தான் சமையல்காரம்மா என்றேன்.

"யாருகிட்டயும் காட்டல ஆன்டி. அண்ணன்கிட்டகூட காட்டல. அந்த வேன் வந்தா உள்ள வர்றதுக்கு முன்னால நிறுத்தணும்னு இங்க நிக்கிறேன்" என்றாள். அழுகிற குரல் இல்லை. அழுகையை எல்லாம் முடித்துவிட்டு நிற்கிற குரல்.

அந்த வேன் வரவில்லை, பாத்திரமும் வேறு, இதைப் பார் என்று லோரியைக் காட்டினேன். தவ்கே கதவைத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றார். அவள் சிவப்பு உறையைப் பார்த்தாள், பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"சமைச்சது யாரு ஆன்டி? ரெண்டு வீட்டுக்கும்?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் கேட்காத கேள்வி. வண்டியை மாற்றலாம், பாத்திரத்தை மாற்றலாம். அடுப்படிக்கு நான் ஒருத்திதான்.

"நான்தாம்மா. அதை முடிச்சு, குளிச்சுட்டு வந்து இதைத் தொட்டேன். ஆனா கை இதே கைதான்" என்றேன். "உனக்கு மனசு ஒப்பலன்னா திருப்பி எடுத்துட்டுப் போறேன். பக்கத்துல எந்தக் கடையில கேக்குறியோ அங்க நானே வாங்கி வந்து வைக்கிறேன். அண்ணிக்கு ஒன்னும் தெரிய வேணாம்."

அவள் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ, தேவி எங்கே, சாப்பாடு வந்தாச்சா என்று கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளைத் தேற்றுகிற மாதிரி எதையாவது சொல்லி அந்த முடிவை அவள் கையிலிருந்து நான் பிடுங்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

அவள் லோரிப் பக்கம் போனாள். சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள். வளையல் போட்ட கையால் ஒரு கவளம் எடுத்து, நின்ற இடத்திலேயே, தெருவில், வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள்.

"மொதல்ல நான் சாப்ட்டுட்டேன். தீட்டு ஏதாச்சும் இருந்தா என்னோட நிக்கட்டும்" என்றாள். "உள்ள கொண்டு போங்க ஆன்டி. இது நமக்குள்ள இருக்கட்டும்."

நாத்தனார்களைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அவளை நினைத்தால் அதில் ஒன்றும் எனக்கு ஒட்டுவதில்லை. நான் உள்ளே போகவில்லை. பரிமாற அவர்கள் ஆட்கள் இருந்தார்கள். ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். யாரோ கன்னத்தில் சந்தனம் தடவ, கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தவ்கே என்னிடம் எல்லாம் சரியா என்று கண்ணாலேயே கேட்டார். சரி என்று தலையாட்டினேன். எங்களுக்கு மறுபடி பேச்சு நின்றுவிட்டது.

உங்களுக்கு அடுத்த கேள்வி தெரியும். ஆமாம், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. ஆனால் அதை வைத்து நான் செய்தது சரி என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு மாதிரி ஆகியிருந்தாலும் அன்றைக்கு வாசலில் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்போது தேவிக்கு என்னைத் திட்ட ஓர் இடமாவது இருந்திருக்கும். பொய் சொல்லியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. பிறகு நடக்கப்போவது நம் கையில் இல்லை. கேட்டதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பவித்ராவிடமிருந்து நீளமாக ஆங்கிலத்தில் ஒரு செய்தி. எனக்குப் படிக்க வரவில்லை, ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள் என்பதிலேயே என்னவென்று தெரிந்துவிட்டது. என்னிடம் அவள் ஆங்கிலத்தில் எழுதியதே இல்லை. என் மகன் வாசித்துவிட்டு, வேலையை விட்டு நிற்கிறேன், இந்த மாதச் சம்பளம் வேண்டாம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். போகட்டும்மா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, கிள்ளானிலேயே ஒரு ஆளைப் பார்ப்போம் என்றான்.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். கிள்ளானிலேயே இருக்கிற ஆளுக்கு மட்டும் இது தெரிந்திருக்குமா? காரிய வீட்டுக்கு என்ன எழுதக் கூடாது என்று சொன்ன நாளில் வண்டியைப் பற்றியும் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நமக்கு ரொம்பப் பழகிப்போனது நமக்கே கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் வந்து அதில் இடித்துக்கொள்ளும்போதுதான் அங்கே ஒரு தூண் இருப்பதே தெரிகிறது. நம்மோடு அடுப்படியில் நிற்கிறவர் பார்த்தே கற்றுக்கொள்வார். தைப்பிங்கில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நம் சொல் மட்டும்தான் போய்ச் சேரும். தூரத்து ஆளை வேலைக்கு வைப்பதில் கஷ்டம் அதுதான். சம்பளமோ கணினியோ இல்லை.

அதனால் போனை எடுத்து நானாகவே அவளுக்கு அடித்தேன். வேலை வேண்டாம் என்று போனவரை நானாகப் போன் அடித்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் எடுத்தாள். பின்னால் அவளுடைய அப்பா இருமுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கு. சாப்பாடு உள்ள போயிடுச்சு" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். முடியும்வரை காத்திருந்தேன். பெரிய தப்பு ஆன்டி, இனிமேல் இதைச் செய்ய எனக்குத் தகுதி இல்லை என்றாள்.

"இன்னிக்கு உனக்குத் தெரிஞ்சிருச்சு. நீ போயிட்டா அடுத்து வர்ற பிள்ளைக்கு இது தெரியாது. நான் மறுபடி யாருக்கு இதெல்லாம் சொல்றது? எனக்குப் பேசவே வராது" என்றேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டேன். வருவாளா மாட்டாளா என்று தெரியாமலேயே மறுநாள் அரிசி ஊறவைத்தேன்.

மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. வழக்கமாகக் குரல் பதிவுதான் அனுப்புவாள். அன்றைக்குக் கூப்பிட்டாள்.

"ஆன்டி, அடுத்த வாரம் ஒரே நாள்ல ரெண்டு ஆர்டர் இருக்கு. வண்டி புக் பண்றதுக்கு முன்னால கேக்குறேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஒன்னு காரிய வீடு, ஒன்னு விசேஷ வீடு. எந்த வண்டி எதுக்குப் போகணும்? அப்புறம், இதுல எனக்குத் தெரியாதது வேற என்ன இருக்கு? நீங்க மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.